கத்திக்கொண்டே போன வண்டி

பிற்பகல் மூன்று மணி இருபத்தாறு நிமிடத்துக்கு என் கைப்பேசி அலறத் தொடங்கியது. பள்ளியிலிருந்து வந்து புடவையைக்கூட மாற்றாமல் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அது அழைப்பு மணி அல்ல. என் மகளின் மோட்டார் சைக்கிளை யாராவது அசைத்தால் வரும் அலறல். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது: உங்கள் வாகனம் நகர்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். அந்தக் கருவியைப் பொருத்திய நாளிலிருந்து அது அலறாத நாளே கிடையாது. பூனை இருக்கையில் ஏறிப் படுத்தால் அலறும். இடி இடித்தால் அலறும். கனத்த லாரி ஒன்று தெருவில் போனால் அதற்கும் ஒரு கூச்சல். தீபாவளி இரவு பட்டாசு ஓயும்வரை அதுவும் ஓயவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "டீச்சர், உங்க வீட்டு மோட்டர் மறுபடியும் அழுவுது, பால் குடுங்க" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். ஆகவே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னும் இரண்டு கவளம் சாப்பிட்டேன்.

மகள் வேலை செய்வது பத்து பாகாட் நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு மின்னணுப் பாகத் தொழிற்சாலையில். காலை ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடியும். முந்திய வாரம் மழையில் நனைந்து ரிமோட் கெட்டுப்போயிருந்தது. புதியது வரும்வரை ரிமோட் இல்லாமலே வண்டி கிளம்பும்படி கடையில் கம்பியை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். சைரனை மட்டும் விட்டுவிட்டார்கள். அவள் சாவியைப் போட்டுப் புறப்படும்போதெல்லாம் வண்டி சற்று நேரம் கத்திவிட்டுத் தானாக ஓயும். இதோ கிளம்பிவிட்டாள், அரை மணி நேரத்தில் வந்துவிடுவாள், குழம்பைச் சூடாக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். வண்டியைக் காட்டும் புள்ளி நகரத்தை நோக்கி வரவில்லை. ஆயர் ஹித்தாம் போகும் சாலையில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

அவளை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். எடுக்கவில்லை.

இந்தக் கருவியை வாங்கியது நான்தான். மகளுக்கு விருப்பமே இல்லை. பேருந்தில் போ என்றேன். ஷிஃப்ட் நேரத்துக்குப் பேருந்து ஏது என்றாள். சம்பாதித்துத் தானே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாள். என் கணவர் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். காலையில் பாலத்தைத் தாண்டியதும் அவர் அனுப்பும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தே எனக்குப் பாதி தலை நரைத்துவிட்டது. இப்போது இன்னொரு வண்டி, இன்னொரு தலைக்கவசம். பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ நாள்தோறும் யாருடைய வண்டியாவது காணாமல் போய்க்கொண்டிருந்தது.

எனவே மகளையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, நல்ல பேச்சுக்காரர். கடை வாசலில் நின்ற ஒரு வண்டியை ஓர் உதை விட்டார். அது தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியது. "பாத்தீங்களா டீச்சர்? கள்ளன் தொடவே முடியாது" என்றார் மலாயில். தெருவில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அடுத்துத் தம் கைப்பேசியில் ஒரு சிவப்புப் பொத்தானைக் காட்டினார். இம்மொபிலைசர் என்றார். கள்ளன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு எவ்வளவு தூரம் போனாலும் சரி, இதை அழுத்தினால் ஓடுகிற எஞ்சின் அங்கேயே அடங்கிவிடுமாம். அதை யாருடைய கைப்பேசியில் இணைப்பது என்று கேட்டார். நான் என்னுடையதை நீட்டினேன்.

"வண்டிக்கா போடுறீங்க, எனக்கா?" என்றாள் மகள். "கழுத்துல ஒரு மணியும் கட்டி விட்டுடுங்கம்மா, வீட்டுலேருந்தே கேட்கும்."

தவுக்கேவுக்குத் தமிழ் புரியாது. அவளுடைய முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

அந்தப் பொத்தான்தான் இப்போது என் கையில் இருந்தது. கணவரை அழைத்தேன். நல்லவேளை, உடனே எடுத்தார்.

"என்னாச்சு? வேலையில இருக்கேன்லா."

"வண்டி ஆயர் ஹித்தாம் பக்கம் போவுது. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறா."

"கூட்டாளி வீட்டுக்குப் போயிருப்பா."

"சொல்லாம போவாளா?"

"உங்கிட்ட சொன்னா போன மாதிரிதான்."

"சிரிக்காதீங்க. முப்பதுல போவுதுங்க. முப்பது!"

அவர் சிரிப்பை நிறுத்தினார். எங்கள் மகள் அந்தச் சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவள் அல்ல.

"அப்ப கள்ளன்தான். அமுத்து. அந்த செவப்ப அமுத்து."

"அவளா இருந்தா?"

"அவளா இருந்தா அமுத்தாத."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"நான் இங்கேருந்து என்னத்த பாக்குறேன்? புள்ளி உங்கிட்டதான இருக்கு!"

புள்ளி என்னிடம்தான் இருந்தது. அதைத் தவிர என்னிடம் ஒன்றுமே இல்லை. ஆயர் ஹித்தாம் சாலையில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொள்கலன் லாரிகள், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள், முந்திச் செல்லும் பேருந்துகள். மோட்டார் சைக்கிளுக்கு என்று ஓரத்தில் ஒரு கோடு, அதுவும் பாதி இடத்தில் மண்ணுக்குள். அதில் போய்க்கொண்டிருக்கும் வண்டியின் எஞ்சின் திடீரென்று நின்றால் என்ன ஆகும்? பின்னால் வரும் லாரிக்காரன் என்ன செய்வான்? வண்டியின் மேல் இருப்பது கள்ளனா, என் மகளா என்று அந்தத் திரை சொல்லவில்லை. நகர்கிறது என்று மட்டும் சொன்னது.

இதை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு அன்று வந்த கோபம் இன்றும் அடங்கவில்லை. ஒரு தாயின் கட்டை விரலுக்கு அடியில் இப்படி ஒரு பொத்தானை வைக்கிறோமே, வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவராவது கேட்டிருக்க மாட்டார்களா? விரலைப் பொத்தானுக்கு மேல் வைத்தேன், எடுத்தேன். வேகம் குறைகிறதே, அடிபட்டு மெதுவாக ஓட்டுகிறாளோ? யாராவது பின்னால் ஏறி உட்கார்ந்து, போகச் சொன்ன இடத்துக்குப் போகிறாளோ? 

புள்ளி நின்றது. சாலையிலிருந்து சற்று விலகி, வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில்.

நின்ற வண்டியை நிறுத்தினால் யாருக்கும் அடிபடாது. அப்போதுதான் பொத்தானை அழுத்தினேன். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: வெற்றி.

மகளின் எண்ணை மறுபடியும் அழைத்தேன். இந்த முறை எடுக்கப்பட்டது.

"பாப்பா! எங்கம்மா இருக்க?"

காற்றின் சத்தம். யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு ஓர் ஆணின் குரல், "ஹலோ?" என்றது. இளம் குரல். அருகில் இன்னொருவன் சிரித்தான். தொடர்பு அறுந்தது. மீண்டும் அழைத்தபோது கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. கருவியைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும், வரைபடத்தில் புள்ளியும் இல்லை.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாதங்கள் கடந்துவிட்டன. இன்றும் எங்காவது ஒரு பையன் கைப்பேசியில் "ஹலோ" என்று சொல்வது காதில் விழுந்தால் நின்று திரும்பிப் பார்க்கிறேன். காவல் நிலையத்தை அழைத்தேன். அழுதுகொண்டே பேசியதால் அவர்களுக்குப் பாதி புரியவில்லை. கடைசியாக அவளைப் பார்த்தது எங்கே என்று கேட்டார்கள். காலையில் தொழிற்சாலைக்குப் போனாள் என்றேன். ரோந்து வண்டியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறோம், அவள் அங்கிருந்து கிளம்பினாளா என்று நீங்கள் முதலில் பாருங்கள் என்றார் அந்த அதிகாரி. நியாயமான கேள்வி. காரை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன்.

வாசல் குடிலில் ஜாகா இருந்தார். காவல்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஐம்பதைக் கடந்த தமிழர். கழுத்தில் தொங்கிய பள்ளி அட்டையை நான் இன்னும் கழற்றவில்லை. அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"என்னா டீச்சர்?"

"என் மவ வண்டிய காணோம்ணே. கறுப்பு வண்டி, செவப்புக் கோடு போட்டது. அலாரம் கத்துற வண்டி."

"இங்க எல்லாமே கத்துற வண்டிதான் டீச்சர்" என்று சிரித்தவர், சற்று யோசித்தார். "ஓ, அதுவா! இப்பதான போச்சு. ரெண்டு பேரு வந்தானுங்க. அது கத்து கத்துன்னு கத்துது. 'அங்கள், அலாரம் ரோசாக், கெட்டுப்போச்சு, ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது, வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போறோம்'னானுங்க. காது போவுதுடா, சீக்கிரம் கொண்டுக்கிட்டுப் போங்கன்னு நான்தான் தடுப்பத் தூக்கி விட்டேன்."

"நீங்களே தொறந்து விட்டீங்களா?"

"தொறந்து மட்டுமா? ஒருத்தன் அதுல ஏறிக்கிட்டான். இன்னொருத்தன் அவன் மோட்டர்ல வந்து பின்னாடி கால வச்சுத் தள்ளுனான். இந்த மேட்டுல ஏறல. பாவமேன்னு நான்தான் ஒரு தள்ளு…"

அங்கேயே நிறுத்தினார். முகம் மாறியது.

"அலமாக்" என்று தலையில் கை வைத்தார்.

எங்கள் சாலைகளில் இது அன்றாடக் காட்சி. ஒருவருடைய வண்டி நின்றுவிட்டால், முன்பின் தெரியாத இன்னொருவர் பின்னால் வந்து, தம் வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு காலை நீட்டி, நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். மலாய்க்காரரா, சீனரா, தமிழரா என்று யாரும் பார்ப்பதில்லை. என் கணவரை மழையில் அப்படித் தள்ளிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டவரின் முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. இந்த நாட்டைப் பற்றி நான் மாணவர்களுக்குப் பெருமையாகச் சொல்லும் விஷயங்களில் அதுவும் ஒன்று. அந்த நல்ல பழக்கத்துக்குள் புகுந்துதான் அவர்கள் என் மகளின் வண்டியைக் கொண்டுபோனார்கள். பட்டப்பகலில், வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த வண்டியை, எத்தனையோ பேர் பார்க்க. பார்த்தவர்கள் எல்லோரும் உதவி நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். நானே பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

முப்பதில் போனதற்குக் காரணம் அதுதான். எஞ்சின் ஓடவே இல்லை. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத்தாமல் இருந்த பொத்தான், பிறகு அழுத்தி வெற்றி பெற்ற பொத்தான், ஓடாத எஞ்சினை நிறுத்துவதற்கான பொத்தான்.

"கைப்பிடிய பூட்டலையா அவ?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விடை தெரியும்.

"இங்க யாரு டீச்சர் பூட்டுறா? பூட்டுனா ஏசுவாங்க."

இடம் சிறியது, வண்டிகள் அதிகம். உள்ளே சிக்கிய வண்டியை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி நகர்த்த வேண்டும். அதனால் கைப்பிடியைப் பூட்டாமல், கியரில் போடாமல் விட்டுப்போவதுதான் அங்கே மரியாதை. பூட்டிவிட்டுப் போகிறவரின் இருக்கையில் மறுநாள் எச்சிலோ சேறோ இருக்கும். தடித்த சங்கிலி ஒன்று வாங்கிக் கொடுத்தபோது மகள் இதைத்தான் சொன்னாள்: "சங்கிலி போட்டா எனக்கு இந்த கிலாங்ல ஒரு கூட்டாளி இருக்க மாட்டாம்மா." தொழிற்சாலையை அவள் கிலாங் என்றுதான் சொல்வாள். யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று விட்டுவைத்த வண்டிக்கு, யாரும் அசைக்கக் கூடாது என்று கத்தும் கருவியை மாட்டியவள் நான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அங்கே எல்லா வண்டிகளும் சேர்ந்துதான் கத்துமாம். கத்தினால் யாரோ வண்டி எடுக்கிறார்கள் என்று பொருள்.

ஆனால் எனக்கு வேண்டியது வண்டி அல்ல.

"என் பொண்ணு எங்கண்ணே? போன் அடிச்சேன், ஒரு ஆம்பள எடுத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "போனா… சீட்டுக்கு அடியில இருந்திருக்கும் டீச்சர்" என்றார்.

உள்ளே கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை. அதற்குத் தனிப் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் பெட்டிகளின் பூட்டுகள் உடைந்தவை, அங்கே பொருள் தொலைவது வழக்கம். அதனால் பெண்கள் பலரும் கைப்பேசியை வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அலாரம் இருக்கிறதே, பெட்டியைவிட அதுதானே பாதுகாப்பு என்று! நான் பணம் கொடுத்து வாங்கிக் கொடுத்த நம்பிக்கை அது.

"அப்ப அவ உள்ளதான் இருக்காளா?"

"மூணு மணி ஆளுங்க போயிட்டாங்களே. ஓவர்டைம் நின்னா உள்ள இருக்கும். இல்லன்னா…"  குடிலுக்குள் இருந்த தொலைபேசியை எடுத்து உள்ளே பேசினார். மேற்பார்வையாளர் கூட்டத்தில் இருக்கிறாராம், ஆளை அனுப்பித் தேடச் சொல்கிறார்களாம். "உக்காருங்க டீச்சர்" என்று தம் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டார். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. நான் உட்காரும் முன்பே மறுபடியும் தொலைபேசியை எடுத்து உள்ளே அழைத்தார்.

மகள் ஓவர்டைம் நின்றால் முன்பே சொல்வாள். அன்று சொல்லவில்லை. வண்டியைக் காணாமல் வெளியே வந்து தேடியிருப்பாளோ? அவர்கள் பின்னாலேயே ஓடியிருப்பாளோ? அவள் செய்யக்கூடியவள். நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு பலகை இருந்தது: இங்கே நிறுத்தப்படும் வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. எத்தனை இடத்தில் இந்தப் பலகையைப் பார்த்திருக்கிறேன்! வேலைக்கு வரச் சொல்வார்கள், வருவதற்குப் பேருந்து இருக்காது, கைப்பேசியை வெளியே வைக்கச் சொல்வார்கள், வைக்கப் பூட்டு இருக்காது, வண்டியை இங்கேதான் நிறுத்த வேண்டும் என்பார்கள், பொறுப்பு மட்டும் இருக்காது.

அலாரம் போடலாமா டீச்சர் என்று இப்போது பள்ளியில் கேட்கிறார்கள். பிறகொரு நாள் அந்தத் தவுக்கேவிடம் போய்ச் சண்டை போட்டேன் என்பதை அவர்களுக்குச் சொல்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சைரன் கத்துச்சா, இல்லையா?" என்றார். கத்தியது என்றேன். "அப்ப என் சாமான் நல்ல சாமான்தான" என்றார்.  அவர் விற்றது சத்தம். சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிவர ஆளையும் சேர்த்து விற்றதாக நான்தான் நினைத்துக்கொண்டேன். எஞ்சினை முடக்கும் கருவி, வண்டியைக் கிளப்பி ஓட்ட நினைக்கும் கள்ளனைத் தடுக்கும். தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சங்கிலி போட்டுத் தூணோடு கட்டுங்கள் என்கிறேன். யார் ஏசினாலும் கட்டுங்கள். வாகனம் நகர்கிறது என்ற ஒரு வரியைத் தொலைவில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் கருவியை மட்டும் வாங்காதீர்கள். அது கள்ளனை ஒன்றும் செய்யாது. உங்களைத்தான் செய்யும்.

அன்று குடில் வாசலில் ஜாகா என்னருகே நின்று, "வந்துடும் டீச்சர், வந்துடும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் அழைத்துக்கொண்டே இருந்தார். எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் எடுக்காமல் இருந்தேன். முகத்தைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, சத்தமாகவே அழுதேன் என்று நினைக்கிறேன். உள்ளே போன ஆள், கடைசி நேரத்தில் ஓவர்டைம் நிற்கச் சொல்லப்பட்டிருந்த மகளிடம் அதை மட்டும்தான் போய்ச் சொல்லியிருக்கிறார்: உன் அம்மா வாசலில் அழுதுகொண்டிருக்கிறார்.

இரும்புக் கதவில் இருந்த சின்ன வாசல் திறந்தது. தலையில் வலைத்தொப்பி, பாதி கழற்றிய நீல மேலங்கி, ஒரு காலில் தொழிற்சாலைச் செருப்பு, மறு கால் வெறும் காலாக என் மகள் ஓடி வந்தாள். வண்டி நிறுத்தும் இடத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

"அம்மா," என்றாள், "அப்பாவுக்கு என்னாச்சு?"